முகம் பார்த்துச் சொன்ன ஓட்டு

சிகாகோ
2024 நவம்பர் 6, புதன், காலை 6 மணி 20 நிமிடம்

எலோதியா அக்கா,

நம் மெஸ்கித்தால் மாவட்டத்தின் எண்ணிக்கை முழுதாக வந்துவிட்டது. ஜனாதிபதித் தேர்தலில் பதிவான ஓட்டு 15,021. நம் கட்சிக்கு 6,904. அவர்களுக்கு 8,117.

திரும்பத் திரும்பப் பார்த்தேன். எண் மாறவில்லை. நம் அம்மா பிறப்பதற்கு முன்பிருந்தே நம் கட்சி தோற்காத மாவட்டம். நாட்டு எல்லையில் ஓடும் ரியோ கிராந்தே ஆற்றங்கரையில் கட்டைக்கு நம் கட்சிச் சின்னம் ஒட்டினாலும் ஜெயிக்கும் என்று சொல்லிச் சிரிப்போமே, அந்த ஊர். நாம் வளர்ந்த தெருவே அவர்கள் பக்கம் போயிருக்கிறது.

செப்டம்பரில் நான் எடுத்த கருத்துக்கணிப்பு என்ன சொன்னது? உன் ஆட்கள் பேட்டி கண்ட 412 பேரில் 271 பேர் நமக்கு. நூற்றுக்கு அறுபத்தாறு. கிடைத்தது நாற்பத்தாறு. என் கணக்கு ஐந்து வரைக்கும் விலகலாம். அதற்கு இடம் உண்டு. இருபது விலகினால் அது கணக்கின் கோளாறு இல்லை, கணக்குக்குள் கொட்டிய சரக்கின் கோளாறு. அந்த அறுபத்தாறை நம்பித்தான் கட்சிக்காரர்கள் நம் ஊர் அலுவலகத்தை மூடிவிட்டு ஆட்களை வேறு மாநிலத்துக்கு அனுப்பினார்கள். இப்போது கணிப்பு எடுத்துக் கொடுத்த எங்கள் கம்பெனியின் கழுத்தைப் பிடிக்கிறார்கள்.

என் மேலதிகாரி கெஸ்லர் விடியுமுன் கூப்பிட்டாள். களத்தில் வேலை செய்தவர்கள் வீடுகளுக்குப் போகாமல் பதில்களைத் தாங்களே இட்டுக்கட்டி நிரப்பினார்கள் என்று ஓர் அறிக்கையில் நான் கையெழுத்துப் போட வேண்டுமாம். கெடு டிசம்பர் 6. களத்தலைவி நீ. உன்னை வைத்தது நான். அறிக்கை வெளியே போனால் ஷெரிஃப் வரைக்கும் போகும். ஓட்டு விஷயத்தில் ஏமாற்றியவள் என்று பெயர் வந்துவிட்டால் நீ ஓட்டும் பள்ளிக்கூட பஸ்ஸின் சாவி உன் கையில் இருக்காது. இது எனக்குத் தெரியும், உனக்கும் தெரியும்.

போனிலும் மின்னஞ்சலிலும் இதைப் பேசக் கூடாது என்று வக்கீல் சொல்லிவிட்டார். வழக்கு என்று வந்தால் இரண்டையும் எடுத்துப் பார்ப்பார்கள். அதனால் காகிதம்.

சுற்றி வளைக்கத் தெரியாது எனக்கு. நீயும் உன் தோழிகளும் சமையலறையில் உட்கார்ந்து நிரப்பினீர்களா, இல்லையா? ஆம் அல்லது இல்லை. கதை வேண்டாம்.

அன்செல்மோ

*

மெஸ்கித்தால், டெக்சாஸ்
நவம்பர் 12

தம்பி,

இல்லை.

ஒரே வார்த்தை கேட்டாய், கொடுத்துவிட்டேன். இதோடு கவரை ஒட்டிவிடலாம் என்றுதான் நினைத்தேன். பிறகு கோபம் வந்தது. கோபம் வந்தால் நான் நிறைய எழுதுவேன்.

உனக்கு மூக்கு ஒழுகினால் என் பாவாடையில் துடைத்துவிட்டவள் நான். இன்றைக்கு நீ என்னைப் பார்த்துத் திருடினாயா என்று கேட்கிறாய். அதையும் ஆம், இல்லை என்று கட்டம் போட்டு. நீ சொன்னபடி வெயிலில்தான் நடந்தோம். நாய் துரத்தியது. என் தோழி செலியாவின் கணுக்கால் பிசகியது. நீ எழுதிக் கொடுத்த விதி எனக்கு மனப்பாடம்: "தெரிந்த முகம் போக வேண்டும். உள்ளே போய் உட்கார வேண்டும். காபி கொடுத்தால் வாங்கிக் குடிக்க வேண்டும்." வெளியூர்க்காரனுக்கு நம் ஜனம் கதவு திறக்காது, உனக்குத்தான் திறக்கும் என்று நீதானே என்னைப் பிடித்தாய்? திறந்தார்கள். உட்கார்ந்தேன். குடித்தேன். சொன்னதை எழுதினேன்.

ஆனால் உன் கடிதம் என்னை உட்காரவிடவில்லை. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் எர்லிந்தா வீட்டுக்குப் போனேன். அவள் மகளுக்கு ஞானஸ்நானம் கொடுத்தபோது கையில் ஏந்தியது நான். அன்றிலிருந்து ஒருவரையொருவர் கோமாத்ரே என்றுதான் கூப்பிடுகிறோம், கூடப் பிறந்தவர்கள் மாதிரி. கருத்துக்கணிப்பில் "உறுதியாக நம் கட்சி" என்று சொன்னவள். மாட்டுத்தலைக் கறி வெந்துகொண்டிருந்தது.

"வா கோமாத்ரே, ரெண்டு தோர்தியா சூடு பண்ணட்டா?"

"பண்ணு. அதுக்கு முன்னாடி ஒண்ணு சொல்லு. யாருக்குப் போட்டே?"

அவள் கரண்டியைக் கழுவினாள். கழுவின கரண்டியையே மறுபடி கழுவினாள்.

"அன்னைக்கே சொன்னேனே."

"அன்னைக்குச் சொன்னது தெரியும். போட்டது யாருக்கு?"

"அன்னைக்குச் சொன்னது உனக்கு. திரைக்குப் பின்னாடி போட்டது எனக்கு."

"ஏண்டி, என்கிட்டயே பொய் சொன்னியா?" என்றேன்.

"பொய்யா? அன்னைக்கு நீ என் வீட்டுக்கு ரொட்டி வாங்கிட்டு வந்து உக்காந்திருந்தே. உங்கம்மா கார்லதான் எங்கம்மா கடைசி ஓட்டுப் போடப் போனா. உன் மூஞ்சியப் பாத்து, 'இல்ல எலோதியா, நான் உங்க ஆளுக்குப் போடல'ன்னு சொல்லச் சொல்றியா? நான் என்ன மரியாதை தெரியாத ஜென்மமா?"

"எதுக்குடி மாத்திப் போட்டே?"

"முட்டை விலை தெரியுமா உனக்கு? உங்க கட்சிப் பசங்க வாசல்ல வந்து நின்னு, 'ஆத்தைத் தாண்டி வர்றவங்க உரிமைக்காகப் போராடுறோம், உங்களுக்காக'ங்கறாங்க. ஏன் எனக்காக? நானும் எங்கம்மாவும் தாண்டி வந்தது எண்பத்தொண்ணுல. காகிதம் வாங்கி, வரி கட்டி, மூணு பிள்ளைங்களப் படிக்க வெச்சாச்சு. இன்னும் ஆத்துத் தண்ணி காயாம எனக்கு முதுகு ஈரமாவே இருக்கறதா நெனைக்கறாங்க. பெட்ரோல் போட்டுட்டுப் பால் வாங்க முடியலன்னா எந்தப் பய கேக்கறான்?"

பிறகு கறியை இலை மாதிரி மெல்லிய தோர்தியா ரொட்டியில் சுற்றி என் கையில் வைத்தாள். தின்றேன். என்ன செய்ய?

அதன் பிறகு பல வீட்டுக் கதவைத் தட்டினேன். சிலர் சிரித்தார்கள். சிலர் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார்கள். ஒருத்தி ஒரு பை எலுமிச்சை கொடுத்தாள். என் தோழிகள் போன வீடுகளிலும் இதே கதைதான். யாரும் நம்மை ஏமாற்றவில்லை தம்பி, அன்பாக இருந்தார்கள்.

நீ கூப்பிட்டால் எடுக்க மாட்டேன். "திருடினாயா" என்று எழுதிய கைக்கு இன்னும் கொஞ்ச நாள் வலிக்கட்டும்.

எலோதியா

*

சிகாகோ
நவம்பர் 18

அக்கா,

கை வலிக்கிறது. சரி. "திருடினாயா" என்று நான் எழுதவே இல்லை, ஆனாலும் அர்த்தம் அதுதான். வாபஸ் வாங்குகிறேன்.

உன் கடிதம் வந்ததும் நான் செய்தது ஒரு தொழில்காரன் செய்வது. பேட்டி ஒவ்வொன்றும் எவ்வளவு நேரம் ஓடியது என்று கருவியில் பதிவாகும். வீட்டில் உட்கார்ந்து நிரப்பினால் ஆறு ஏழு நிமிடத்தில் முடியும். உங்களுடையது சராசரி முப்பத்தெட்டு. காபி ஆறும் நேரம். இட்டுக்கட்டியது இல்லை. எனக்குச் சந்தேகமே இல்லை.

அதைவிட மோசமான ஒன்றையும் பார்த்தேன். எது முக்கியம் என்ற கேள்வியை நான் ஒன்பது கட்டமாகப் பிரித்திருந்தேன். வாடகை ஒரு கட்டம், மருத்துவம் ஒரு கட்டம், சம்பளம் ஒரு கட்டம். குடியேறிகளின் உரிமை முழுசாக ஒரே கட்டம், அதுவும் மேலே. விலைவாசி என்ற சொல்லே பட்டியலில் இல்லை. 133 பேர் கட்டத்தை விட்டுவிட்டு வாயால் சொல்லியிருக்கிறார்கள்: முட்டை, பெட்ரோல், கரன்ட் பில். அதையெல்லாம் "இதர" என்று ஒரு மூலையில் தள்ளியது யார்? நான். நம் தெருவில் வளர்ந்தவன். பக்கத்து வீட்டு எர்லிந்தாவுக்கு என்ன கவலை என்று அவளிடம் கேட்காமல், சிகாகோவில் உட்கார்ந்து நானே யோசித்து எழுதியிருக்கிறேன். அந்த 133 பதில்களைப் படித்து முடித்ததும் எழுந்துபோய் முகம் கழுவினேன்.

ஆனாலும் ஒன்று சொல்கிறேன். மரியாதைக்காக இருபது புள்ளியா? இது என்ன ஊர்? மருத்துவர் கேட்டாலும் இப்படித்தான் வலிக்கவில்லை என்பார்களா?

கெஸ்லரிடம் போய் நேர அளவைக் காட்டினேன். அவள் பேசியதை அப்படியே எழுதுகிறேன்.

"அன்செல்மோ, உங்க அக்கா தேர்தலுக்கு என்ன வேலை பாப்பாங்க?"

"வயசானவங்கள ஓட்டுச்சாவடிக்குக் கார்ல கூட்டிட்டுப் போவாங்க."

"எந்தக் கட்சிக்கு?"

"எங்க கட்சிக்கு."

"எத்தனை வருஷமா?"

"இருபது. அதுக்கு முன்னாடி எங்கம்மா."

"அப்படிக் கூட்டிட்டுப் போறவங்களுக்கு உங்க ஊர்ல ஒரு பேரே இருக்காமே? பொலிதிகேரா. இணையத்துல தேடிப் பாத்தேன். காசு வாங்கிட்டு ஓட்டுச் சேத்ததுக்குப் பாதிப் பேரு ஜெயிலுக்குப் போயிருக்காங்க."

"பாதிப் பேருங்கறது எந்தக் கணக்கு?"

"கோவப்படாதீங்க. கட்சிக்காரி ஒருத்தி கணக்கெடுத்தா. கணக்கு அவ கட்சிக்கு இருபது தூக்கலா வந்துச்சு. வெளியில இருக்கறவன் என்ன நெனைப்பான்? ஒண்ணு நீங்க கையெழுத்துப் போடுங்க. இல்லன்னா நாங்களே புகார் குடுப்போம், அதுல உங்க பேரும் சேந்து வரும். உங்க அக்கா கணக்கைத் தன் கட்சிப் பக்கம் சாய்க்கலைங்கறதுக்கு ஆதாரம் இருந்தா கொண்டாங்க."

அக்கா, அவள் சொல்வதில் ஒரு தர்க்கம் இருக்கிறது. அதுதான் எரிச்சல். ஊரில் கேட்டால் நாய்கூட உன்னை நம் கட்சி என்று சொல்லும். நீ கணக்கைத் தூக்கிவிடவில்லை என்று காட்ட ஏதாவது இருக்கிறதா? யாராவது சாட்சி? யோசி. சீக்கிரம் எழுது.

அந்த 412 வீட்டுக்கும் என் சொந்தச் செலவில் நாளை ஒரு சின்ன அட்டை அனுப்புகிறேன். பெயர் கிடையாது, யாரும் வரமாட்டார்கள், ஒரே கேள்வி, தபால்தலை ஒட்டியிருக்கும். எத்தனை திரும்பும் என்று தெரியாது.

அன்செல்மோ

*

மெஸ்கித்தால்
நவம்பர் 24

தம்பி,

இந்தக் கடிதத்தை நான்கு தடவை ஆரம்பித்தேன். நாளை விடிந்தால் பஸ் எடுக்க வேண்டும். இதை இன்றைக்கே முடிக்காவிட்டால் பயந்து கிழித்துவிடுவேன்.

ஆதாரம் கேட்டாய். இருக்கிறது.

நானும் அவர்களுக்குத்தான் போட்டேன்.

மூச்சு விட்டுக்கொள். தண்ணீர் குடி. பிறகு படி.

அம்மாவின் காரில், அம்மாவின் ஜெபமாலை கண்ணாடியில் ஆட, பதினொரு பேரைக் கூட்டிப் போனேன். ஒவ்வொருவரிடமும், "நம்ம ஆளுங்களுக்கே போடுங்க, எங்கம்மா மேல இருந்து பாத்துட்டிருப்பா" என்றேன். கடைசியாக நான் உள்ளே போனேன். திரைக்குப் பின்னால் ஒருத்தியாக நின்றேன். என் ரமீரோ ஞாபகம் வந்தது. போன குளிர்காலத்தில் எண்ணெய்க் கிணற்று வேலை நின்று நான்கு மாதம் அந்த மனிதன் சோபாவில் படுத்துக் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தது. நம் ஆட்கள் எண்ணெய்க் கிணறுகளைப் பற்றிப் பேசுகிற பேச்சு. என் புருஷன் செய்கிற வேலையை ஏதோ வியாதி மாதிரிச் சொல்வார்கள். சட்டென்று ஒரு கோபம். விரல் அந்தப் பக்கம் போய்விட்டது. வெளியே வந்தேன். தேர்தல் அதிகாரி பெண் "நான் ஓட்டுப் போட்டேன்" ஒட்டுத்தாளைக் கொடுத்தாள். அதை ரவிக்கையில் ஒட்டிக்கொண்டு பதினொரு பேரையும் வீட்டில் விட்டேன்.

ரமீரோவுக்கும் சொல்லவில்லை. நல்லது என்றோ கெட்டது என்றோ இன்றுவரை எனக்குத் தீர்மானம் இல்லை. ஆற்றோரம் சுவர் எழுப்புகிறவனுக்கு நான் போட்டேன் என்று நினைத்தால் கண்ணாடி பார்க்கப் பிடிக்கவில்லை. மறுபடி அந்தத் திரைக்குப் பின்னால் நிறுத்தினால் வேறு மாதிரி செய்வேனா என்றால், தெரியாது.

உன்னிடமும் சொல்லவில்லை. அக்டோபரில் நீ போன் பண்ணினாய். "நம்ம வீட்ல எல்லாம் நம்ம கட்சிதானே, கேக்கவே வேணாம்" என்றாய். நான் சிரித்தேன். எர்லிந்தா எனக்குச் செய்ததைத்தான் நான் உனக்குச் செய்தேன். உன் குரலில் அவ்வளவு சந்தோஷம் இருந்தது. எப்படிச் சொல்ல?

இதுதான் ஆதாரம். கணக்கை வளைக்க நினைத்திருந்தால் நான் அந்தப் பக்கம் அல்லவா வளைத்திருப்பேன்? உன் கெஸ்லரிடம் கொடு. நான் கையெழுத்துப் போட்டுத் தருகிறேன்.

ஆனால் என்ன ஆகும் என்பதையும் எழுதிவிடுகிறேன், பிறகு நீ சொல்லவில்லையே என்று கேட்கக் கூடாது. இங்கே எதுவும் மூடியிருக்காது. ஒரு வாரத்தில் ஊர் முழுக்கத் தெரியும். கட்சிக்காரர்கள் என்னை எடுத்துவிடுவார்கள், எடுக்கட்டும். அந்தப் பதினொரு பேர்? அவர்கள் என்னைத் திட்டமாட்டார்கள். அதுதான் பயம். கதவு திறப்பார்கள். காபி போடுவார்கள். "பரவாயில்ல கோமாத்ரே, விடு" என்பார்கள். உள்ளுக்குள் என்ன நினைக்கிறார்கள் என்று சாகிறவரைக்கும் எனக்குத் தெரியாது. நம் ஊர் மன்னிக்கிறதும் தண்டிக்கிறதும் ஒரே கோப்பையில்தான் வரும்.

அப்படியும் பஸ் சாவி முக்கியம். ரமீரோவின் வேலை எப்போது நிற்கும் என்று யாருக்கும் தெரியாது. வீட்டில் நிற்காமல் வருகிற சம்பளம் என்னுடையது ஒன்றுதான்.

நீ முடிவு செய். எனக்கு யோசித்து யோசித்து மண்டை காய்ந்துவிட்டது.

எலோதியா

*

சிகாகோ
டிசம்பர் 5

அக்கா,

உன் கடிதம் வந்து ஒரு வாரம் ஆகிறது. அது வந்த மறுநாள் நன்றி சொல்லும் நாள் விருந்துக்கு நண்பன் வீட்டில் உட்கார்ந்திருந்தேன். வான்கோழியை யாரோ என் தட்டில் வைத்தார்கள், யாரோ எடுத்துக்கொண்டு போனார்கள்.

மாவட்டம் கவிழ்ந்தபோது வந்தது அதிர்ச்சி என்று நினைத்தேன். இல்லை, அது வெறும் எண். அதற்குக் காரணம் தேடலாம், வரைபடம் போடலாம். இது நீ. என் அக்கா. அம்மாவின் காரில். உன் வரியைப் படித்துவிட்டு நான் முதலில் நினைத்தது என்ன தெரியுமா? "இவள் கையெழுத்து மாதிரி இல்லையே." சத்தியமாக. கவரை எடுத்து முத்திரையைப் பார்த்தேன்.

பிறகு கோபம். உன்னிடம் கத்துவதற்கு வாக்கியங்கள் தயார் செய்தேன். புள்ளிவிவரம்கூட வைத்திருந்தேன். எண்ணெய் வேலை எந்த ஜனாதிபதியின் காலத்தில் எத்தனை கூடியது என்று. அதைத் தட்டச்சு செய்து பார்த்தபோது ரமீரோ அத்தான் நான்கு மாதம் சோபாவில் கிடந்தது எனக்குத் தெரியாது என்பது உறைத்தது. நீ சொல்லவில்லை. நான் கேட்கவில்லை. அக்டோபரில் உன்னிடம் கேள்வி கேட்டதாக இவ்வளவு நாள் நினைத்துக்கொண்டிருந்தேன். நான் கேட்கவே இல்லை. பதிலைச் சொல்லிவிட்டு உன்னைத் தலையாட்டச் சொன்னேன்.

உன் வாக்குமூலம் தர்க்கப்படி அழகானது. கெஸ்லரின் வாயை ஒரே நிமிடத்தில் அடைக்கும். புள்ளியியல் படித்தவனுக்கு அதைவிடச் சுத்தமான நிரூபணம் கிடைக்காது. அதை நான் கொடுக்கப் போவதில்லை. திரைக்குப் பின்னால் நீ செய்தது உன்னுடையது. என் வேலையைக் காப்பாற்ற அதை மேசைமேல் வைக்க நான் யார்? கடிதத்தை இந்தக் கவரிலேயே திருப்பி வைத்திருக்கிறேன். நகல் எடுக்கவில்லை. அடுப்பில் போடு.

அட்டைகள் வந்தன. 412-இல் 96 திரும்பியிருக்கின்றன. நமக்கு 45. நூற்றுக்கு நாற்பத்தேழு. அதே வீடுகள், அதே ஜனம். யாரும் உள்ளே வந்து உட்காராமல், யாரும் ரொட்டி கொண்டுவராமல் கேட்டால் உண்மையான எண் வருகிறது. சில அட்டைகளில் பதிலுக்குக் கீழே கிறுக்கியிருக்கிறார்கள். ஒன்றில், "எலோதியாகிட்ட சொல்லாதீங்க, அவ மனசு கஷ்டப்படும்." அதைப் படித்துவிட்டு அலுவலகத்தில் சத்தம் போட்டுச் சிரித்தேன். பக்கத்தில் இருந்தவன் எனக்கு ஏதோ ஆகிவிட்டது என்று தண்ணீர் கொண்டுவந்தான்.

96 என்பது குறைவு. திருப்பி அனுப்பியவர்கள் எல்லாம் ஒரே மாதிரி ஆட்களாக இருக்கலாம். கெஸ்லர் அதைச் சொல்வாள், அவள் சொல்வதில் நியாயமும் இருக்கும். ஆனால் நேர அளவோடு இதை வைத்தால் யாரும் இட்டுக்கட்டவில்லை என்று காட்டப் போதும். ஷெரிஃப் கையில் கொடுத்தாலும் நிற்கும். இதில் உன் ஓட்டு இல்லை. பிழை எங்கே இருக்கிறது என்பது மட்டும் இருக்கிறது: தெரிந்த முகத்தை அனுப்பு, உள்ளே உட்காரச் சொல், காபி குடிக்கச் சொல் என்று எழுதியவனிடம்.

நாளை கெடு. செய்யப் போவது:

1. காலை ஒன்பது மணிக்குக் கெஸ்லர் அறைக்குப் போய், கையெழுத்துப் போட மாட்டேன் என்று சொல்வேன். உட்கார மாட்டேன்.

2. நான் எழுதிய மூன்று பக்கத்தைக் கொடுப்பேன். முதல் வரி: களத்தில் போனவர்கள் கேட்டதை அப்படியே எழுதினார்கள், யார் கேட்க வேண்டும், எப்படிக் கேட்க வேண்டும் என்று முடிவு செய்தது நான், தவறு என்னுடையது. ஒரு பிரதி கட்சிக்காரர்களுக்கும், ஒரு பிரதி நம் ஊர் வக்கீல் யாருக்காவது உன் பெயரில் வைத்திருக்கவும் அனுப்புவேன். ஷெரிஃப் உன் வீட்டுக்கு வந்தால் அந்தப் பிரதியை நீட்டு.

3. அடையாள அட்டையைக் கேட்பார்கள். கழற்றிக் கொடுப்பேன். வேறு வேலை தேடுவது ஜனவரியில்.

4. காரில் தெற்கே வருவேன். கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் உன் வீட்டில் எல்லோரும் உட்கார்ந்து சோள மடலில் தமாலே சுற்றுவீர்களே, நானும் மாவு தடவுவேன். எர்லிந்தா இருப்பாள், செலியா இருப்பாள். யாரிடமும் ஒரு கேள்வியும் கேட்க மாட்டேன்.

5. அவர்கள் போன பிறகு உன்னிடம் பேசுவேன். எனக்கு உன்மேல் இன்னும் கோபம் இருக்கிறது. அதை உன் முகத்துக்கு நேராகச் சொல்வேன். நீ காபி போடாதே. உனக்கு என்மேல் இருக்கிற கோபத்தை நீயும் சொல். இடையில் யாராவது எழுந்து போனால், அது நானாக இருக்கக் கூடாது.

அன்செல்மோ